பட்டாவில் ஏறாத உரிமை

எண்ணூருக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் வாங்கிய அதானி குழுமம், 2023 ஜனவரியில் இஸ்ரேல் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து அந்நாட்டின் ஹைஃபா துறைமுகத்தையும் வாங்கியது. அதற்கு முன்பே இந்த இரு கரைகளும் ஒரே வகையான இழப்பைக் கண்டவை.

அரபு–யூத மோதலை மதச்சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் நிலப் பதிவேட்டைப் புரட்டுவதில்லை. பாலஸ்தீனச் சமவெளிக் கிராமங்கள் பலவற்றில் ‘முஷா’ என்றொரு முறை இருந்தது. நிலம் ஊருக்குப் பொது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்கள் அதை மாற்றிப் பங்கிட்டு உழும். 1858-இல் ஒட்டோமான் அரசு நிலத்தைப் பெயர்போட்டுப் பதியச் சொன்னது. வரிக்கும் பட்டாளத்துக்கும் அஞ்சிக் குடியானவர்கள் பலர் ஒதுங்க, பல இடங்களில் நகரத்துச் செல்வந்தர்களின் பெயர் ஏறியது. மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும்பகுதி பெய்ரூட்டின் சுர்சுக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1920-களில் அது யூத அமைப்புகளுக்குக் கைமாறியபோது, உழுதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். விற்பனை சட்டப்படிதான் நடந்தது.

ஐரோப்பாவில் வேட்டையாடப்பட்டு, நாஜிகளிடம் 60 லட்சம் உயிர்களைப் பறிகொடுத்த யூதர்களுக்குப் புகலிடம் தேவைப்பட்டது; அதை மறுக்க முடியாது. ஆனால் 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகளானார்கள். ஹைஃபாவின் அரபு மக்களில் சில ஆயிரம் பேரே எஞ்சினார்கள். 1950-இல் வந்த சட்டம், ஊரைவிட்டு ஓடியவர்களின் சொத்தை அரசுப் பொறுப்புக்கு மாற்றியது. இஸ்ரேலுக்குள்ளேயே பக்கத்து ஊரில் தங்கியிருந்தவர்கள்கூட அதற்குத் தப்பவில்லை. அரபு நாடுகளிலிருந்து பல லட்சம் யூதர்களும் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள்.

பாலஸ்தீனத்தின் துயரத்தை எண்ணூரோடு வைத்து நிறுப்பது நியாயமல்ல. இங்கே போர் இல்லை. ஆனால் ஊர்ப்பொதுவைப் பதிவேடு விழுங்கும் விதம் இங்கும் அதுதான். பழவேற்காட்டில் ‘பாடு’ முறை இன்றும் உண்டு. முகத்துவார நீரில் யார் எப்போது, எங்கே வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறது. இருளர்கள் கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறியில் போடுகிறார்கள். இந்தத் தண்ணீருக்கு எவரிடமும் பட்டா கிடையாது.

பட்டா இல்லாததற்கு என்ன நேரும் என்பதை எண்ணூர் காட்டிவிட்டது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்நிலை. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தரப்பட்ட வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் பகுதிகளைத் தூர்த்துவிட்டது. காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் கப்பல் கட்டும் தளத்துக்காக ஊரையே விட்டுக்கொடுத்தவர்கள். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் அவர்கள் தலைக்குமேல் நிற்கிறது.

 தங்கள் இடத்தைக் காலியிடமாகக் கணக்கிடாதே என்கிறார்கள் மீனவர்கள். 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீனவர்களின் பொதுச் சொத்துகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. எண்ணூர் முதல் பழவேற்காடு வரை பாடு நீரும், மீன் காயவைக்கும் மணலும், வலை உலர்த்தும் திடலும் சர்வே எண்ணோடு வரைபடத்தில் ஏற வேண்டும். அதை ஊர்க் கூட்டத்தில் விரித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அதுவரை விரிவாக்கத்துக்கு ஒரு சென்ட் இடம்கூட அரசு ஒதுக்கக் கூடாது.