மரத்தை வெட்டுவதும் வணக்கமாகுமா?

 

எங்கள் மஹல்லாவின் மையவாடியில் மண்டியிருந்த சீமைக் கருவேல மரங்களை ஜமாஅத்தார் வெட்டிக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், மரம் நடுவது சதகா என்று பாடம் நடத்தினீர்களே! அப்படியானால் வெட்டுவது பாவமில்லையா?"

நியாயமான கேள்விதான். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அதே நபி (ஸல்) அவர்கள், பாதையில் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்பித்தார்கள். ஆகவே நடுவதைப் போலவே தீங்கை நீக்குவதும் நன்மைதான். ஆனால் எது தீங்கு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சீமைக் கருவேலத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை இங்கு கொண்டுவந்தவர்கள் விறகு கிடைக்கும், வறண்ட நிலம் பசுமையாகும் என்றே எண்ணினார்கள். நிய்யத் நல்லதாக இருந்தும் அறிவு போதவில்லை. அதன் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்கின்றன. விதைகள் சாணத்தோடு வெளியேறிப் போகுமிடமெல்லாம் முளைக்கின்றன. அது அடர்ந்த இடத்தில் நம் புல்லும் செடிகளும் அருகிவிடுகின்றன; அவற்றை நம்பிய உயிரினங்களும் இடம்பெயர்கின்றன.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தீயது என்று சொல்லிவிட முடியாது. நம் சமையலறையின் மிளகாயும் தோட்டத்துக் கொய்யாவும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. பிற உயிர்களுக்கு இடம் கொடுக்கிறதா, இடத்தைப் பறிக்கிறதா என்பதே அளவுகோல். அல்லாஹ் வானத்தை உயர்த்தித் தராசையும் நிறுவினான் என்று அர்ரஹ்மான் அத்தியாயம் பேசுகிறது. அந்தச் சமநிலை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.

அதை மீட்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய அடையாறு உப்பங்கழி ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டும் இடமாகவும் சீமைக் கருவேலக் காடாகவும் கிடந்தது. அங்கே 58 ஏக்கரில் குப்பையை அள்ளி, கருவேலத்தை அகற்றி, நீர் தேங்க வழிசெய்து, இம்மண்ணுக்குரிய மரங்களையும் அலையாத்திக் கன்றுகளையும் நட்டார்கள். அதுவே 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா. இன்று நீர்ப்பறவைகளுக்கு அது புகலிடம். கிண்டி தேசியப் பூங்காவிலும் இதே பாடம் உண்டு. கண்பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி வாழும் வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். அயல் மரங்களும் புதர்களும் புல்வெளியை மூடினால் அதற்கு வாழ்விடமில்லை. தமிழ்நாடு அரசும் 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது.

எங்கள் மையவாடிக்கு வருகிறேன். நாங்கள் செய்த பிழையை மறைக்க விரும்பவில்லை. மரங்களை அடியோடு வெட்டினோம். வேலை முடிந்தது என்று வீடு திரும்பினோம். அடுத்த மழையில் ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் பல கிளைகள் துளிர்த்தன; முன்பைவிட அடர்த்தியாயிற்று! மறு ஆண்டுதான் வேரோடு பெயர்த்தெடுத்தோம். வேம்பு, புங்கம், பூவரசு நட்டோம். மாணவர்கள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அகற்றுவது ஒரு நாள் வேலை. பராமரிப்பதோ பல ஆண்டு வேலை.

"அந்த மரத்திலும் பறவை கூடு கட்டுகிறதே, ஏழைகள் அதன் விறகை நம்பியிருக்கிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆகவே கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் காத்திருங்கள். ஒரே நாளில் மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக அகற்றுங்கள். விறகை எளியவர்களுக்குக் கொடுங்கள். கரிமூட்டத்தை நம்பி வாழும் மாவட்டங்களில் மாற்றுப் பிழைப்புக்கும் வழி காண வேண்டும். தீங்கை நீக்குகிறோம் என்று வேறொரு தீங்கைச் செய்துவிடக் கூடாது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மையவாடியையும் வக்ஃப் நிலத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேரோடு அகற்றி, மழை தொடங்கியதும் நாட்டு மரங்களை நடட்டும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

என்னிடம் கேள்வி கேட்ட மாணவன்தான் இன்று அந்தப் பூவரசங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். அவன் கேள்விக்கு அதைவிடச் சிறந்த பதிலை என்னால் சொல்ல இயலாது. நம் கைகளால் தீங்கை அகற்றி நன்மையை நட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.