பூட்டு இங்கே, சாவி டில்லியில்!

ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து அமிர்திக்கு வரும் பட்டணத்துக் கனவான்களுக்கு ஜவ்வாது மலை என்றால் அருவி, 1967ல் ஏற்படுத்திய மிருகக்காட்சி சாலை, மரத்தடியில் கட்டுச்சோறு. பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள் வந்து போகும் பாதையில்தான் கணியம்பாடி இருக்கிறது. அந்த வட்டாரத்தைப் பற்றி 2003ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கணக்கு வெளிவந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கிராமம் கிராமமாக விசாரித்து எடுத்த கணக்கு அது. 1994 முதல் 1999 வரை கணியம்பாடி வட்டாரத்தில் ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு 95 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்கள். அதே காலத்தில் நாடு முழுவதற்கும் சர்க்கார் காட்டிய கணக்கோ லட்சத்துக்குப் பத்துச் சொச்சம்! அடுத்த வருஷம் வந்த இன்னொரு கணக்கு நெஞ்சைப் பிளக்கிறது. 10 வயது முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148. ஆண் பிள்ளைகளில் 58.

பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லையா? இருக்கிறது. பாகாயத்தில் 1957லேயே மனநல ஆஸ்பத்திரி வந்துவிட்டது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்து வைத்தியம் பார்ப்பதற்குப் பேர் போன இடம் அது. ஆஸ்பத்திரி பஸ் தூரத்தில் இருந்தும் இத்தனை உயிர்கள் ஏன் போயின? விவசாயக் கூலிக்கு ஆஸ்பத்திரி போகும் நாள் என்றால் கூலி போன நாள். போய் வந்தாலோ, “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவள்” என்று ஊர் வாய் சும்மா இருக்காது. கடனும் குடியும் வரதட்சணையும் நெஞ்சை அழுத்தும்போது, முற்றிப் போவதற்கு முன்னால், ஊரிலேயே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதற்குப் படித்த ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

லட்சம் பேருக்கு முக்கால் டாக்டர்!

2015–16ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வைத்திய உதவி தேவைப்படும் ஜனங்கள் 15 கோடி. நோய்க்குத் தக்கபடி 100க்கு 70 முதல் 92 பேர் வரை எந்த வைத்தியமும் கிடைக்காதவர்கள். மனநல டாக்டர்கள் லட்சம் பேருக்கு 0.75 என்று 2023ல் பாராளுமன்ற நிலைக்குழு சொன்னது. அதாவது முக்கால் டாக்டர். அந்த முக்கால் டாக்டரும் பட்டணத்தில்தான் போர்டு மாட்டியிருக்கிறார்! அதை மூன்றாக உயர்த்த இன்னும் 27,000 டாக்டர்கள் வேண்டுமாம். அத்தனை பேரும் படித்து வெளியே வருவது எந்த வருஷம்? வந்தாலும் அமிர்தி மலையேறுவார்களா?

ஆனால், ஆளே இல்லை என்பது பொய். உளவியலில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்து வருஷந்தோறும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். தறி ஓட்டுகிறவன் மகளும் இருக்கிறாள், தோல் பதனிடுகிறவன் மகனும் இருக்கிறான். படித்த தொழிலைச் செய்ய உரிமை கொடு என்று அவர்கள் கேட்கிறார்கள். சட்டம் என்ன பதில் சொல்கிறது?

1992ம் வருஷத்து இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பதிவேட்டில் பெயர் ஏற வழக்கமான வழி எம்.ஏ.வுக்கு மேல் இரண்டு வருஷம் எம்.பில். 2017ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அதே அளவுகோலைத்தான் நீட்டுகிறது. மற்ற உளவியலாளர்களை 2021ல் வந்த இன்னொரு சட்டம் வேறொரு கமிஷனின் பட்டியலில் சேர்த்தது. ஒரே படிப்புக்கு இரண்டு சட்டம், இரண்டு பதிவேடு. இதில் தன் இடம் எது என்று எம்.ஏ. படித்தவருக்கே விளங்கவில்லை, நோயாளிக்கு எங்கே விளங்கப் போகிறது?

சரி, எம்.பில். படித்துவிடலாமே என்றால், இடங்களோ விரல்விட்டு எண்ணும்படி. சர்க்கார் ஸ்தாபனங்களில் நாடெங்கும் போட்டி. தனியார் பல்கலைக்கழகங்களிலோ லட்சக்கணக்கில் கட்டணம். இந்த லட்சணத்தில் 2022 நவம்பரில் யூ.ஜி.சி. எம்.பில். படிப்பையே ரத்து செய்தது! கூக்குரல் எழுந்த பிறகு, இந்தத் துறைக்கு மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை ஆயுளை நீட்டித்தது. மேலே வர ஏணி வேண்டும் என்கிறது ஒரு சட்டம். ஏணியை வெட்டி அடுப்பில் வை என்கிறது ஓர் உத்தரவு. புதுப் பட்டங்கள் வருகின்றன என்கிறார்கள். ஏற்கெனவே எம்.ஏ. முடித்து நிற்பவர்கள் மறுபடி முதலிலிருந்து பணம் கட்ட வேண்டுமா?

இன்னொரு அடியும் விழுந்தது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாதென்று யூ.ஜி.சி. உத்தரவிட்டது. பகலில் மில் வேலை, இரவில் படிப்பு என்றிருந்த பிள்ளைகளுக்கு அடைபட்டது அந்த ஒரு சந்துதான். தபாலில் வரும் புத்தகத்தை மட்டும் வைத்துக் கொண்டு நோயாளியின் மனதைப் படிக்க முடியாது என்பது உண்மை, நாமும் மறுக்கவில்லை. அப்படியானால் மாவட்டத்துக்கு ஒரு மாலைக் கல்லூரி திற, சர்க்கார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடு! கதவை மூடுவதற்கு மட்டும் டில்லிக்குக் கை நீளுகிறது.

எல்.எம்.பி. டாக்டர் எங்கே போனார்?

நம் தாத்தாக்களுக்கு எல்.எம்.பி. டாக்டரைத் தெரியும். எம்.பி.பி.எஸ். அளவுக்குப் படிக்காமல், லைசென்சு பெற்றுச் சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். 1946ல் போர் கமிட்டி எடுத்த கணக்கில் இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர்கள் 47,524 பேர். அதில் பட்டம் பெற்றவர்கள் 17,654, எல்.எம்.பி. போன்ற லைசென்சுக்காரர்கள் 29,870. மருந்துப் பெட்டி தூக்கியவர்களில் ஐந்துக்கு மூன்று பேர் இவர்களே. இனி ஒரே தரம், எல்லோரும் முழு டாக்டர் என்று அந்தக் கமிட்டி சிபாரிசு செய்தது. கேட்பதற்கு எவ்வளவு அழகு! எல்.எம்.பி. படிப்பு ஒழிந்தது. முழு டாக்டர்கள் பெருவாரியாகப் பட்டணத்தோடு நின்றார்கள். கிராமத்துக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை. உயர்ந்த தரம் என்ற பெயரால் ஏழையின் கையில் இருந்ததையும் பிடுங்கிய அந்தக் கதை மனநலத்திலும் திரும்பி வருகிறது.

“அரைகுறைப் படிப்பாளிகளை நம்பி நோயாளியை ஒப்படைப்பதா?” என்று டாக்டர்கள் சங்கடப்படுகிறார்கள். இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. தைராய்டு கோளாறு மனச்சோர்வு போலத் தோன்றும். மூளையில் கட்டி இருந்தால் குணம் மாறும். மருந்து தேவைப்படுகிற தீவிர நோயைப் பேச்சால் மட்டும் தீர்க்கப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து. எனவே எப்போது தான் பார்க்கலாம், எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அறியாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பது குற்றமே. அதைக் கற்றுக் கொடுப்பதுதான் பயிற்சி. பயிற்சி கொடு என்றால், பயிற்சி இல்லாதவனைச் சேர்க்காதே என்று பதில் வருவது என்ன நியாயம்?

கோவாவில் என்ன செய்தார்கள் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையும் வைத்து, கடும் மனச்சோர்வுக்காரர்களோடு உட்காரச் செய்தார்கள். வழக்கமான வைத்தியத்தோடு இதுவும் சேர்ந்தபோது அதிகம் பேர் குணமடைந்தார்கள் என்று 2017ல் லான்செட் சஞ்சிகை வெளியிட்டது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். அதன் பலனும் 2016ல் நிரூபணமானது. பாட்டிக்கு முடிகிறது, ஐந்து வருஷம் உளவியலே படித்த எம்.ஏ.வுக்கு முடியாதாம்!

பணக்கார அமெரிக்காவிலும் இதே சண்டைதான். டாக்டர் பட்டம் வாங்கியவரே தனித்துத் தொழில் செய்யத் தகுந்த உளவியலாளர் என்று அமெரிக்க உளவியல் சங்கம் பல பத்தாண்டுகள் கோட்டை கட்டிக் காத்தது. எம்.ஏ. அளவு படித்த சமூகப் பணியாளரும் ஆலோசகரும் லைசென்சு வாங்கிக் கோட்டைக்கு வெளியே கடை போட்டுவிட்டார்கள். கடைசியில் 2018ல் சங்கத்தின் கவுன்சிலே எம்.ஏ. படிப்புகளுக்கும் அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்க முடிவு செய்தது.

யாரிடமிருந்து சுதந்திரம்?

இங்கே நம் எம்.ஏ. நண்பர்களோடும் ஒரு வார்த்தை பேச வேண்டும். சுதந்திரமாகத் தொழில் செய்ய உரிமை என்கிறீர்கள். யாரிடமிருந்து சுதந்திரம்? ஒவ்வொரு காகிதத்துக்கும் டாக்டரின் கையெழுத்துக்குக் காத்து நிற்பதிலிருந்து என்றால், எங்கள் ஆதரவு உங்களுக்கு உண்டு. சென்னையில் குளிர்சாதன அறை எடுத்து, மணிக்கு ஆயிரம் இரண்டாயிரம் என்று கறப்பதற்கான சுதந்திரம் என்றால், அந்தச் சண்டையில் தொழிலாளிக்கு என்ன வேலை? அது இரண்டு வியாபாரிகள் கடைவாசலுக்கு அடித்துக் கொள்வது.

இதைவிட மோசமான வலையும் விரிக்கப்பட்டிருக்கிறது. மில் முதலாளிகளும் பெரிய கம்பெனிகளும் ‘மன அழுத்தம் போக்கும்’ வகுப்பு நடத்த ஆள் தேடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, ஹாஸ்டலில் அடைத்து, கூலியைப் பிடித்து வைத்துவிட்டு, “மூச்சை இழுத்து விடு, கவலை தீரும்” என்று சொல்லக் கூலிக்கு ஓர் ஆள்! அவரிடம் பெண் தொழிலாளி அழுது சொன்னது மறுநாள் மானேஜர் மேஜைக்குப் போகாது என்று யார் உத்தரவாதம்? 2021ல் இந்தியாவில் தற்கொலை செய்து கொண்டவர்கள் 1,64,033 பேர். அதில் தினக்கூலிகள் 42,004 பேர். நாலில் ஒருவர். இது சர்க்காரின் சொந்தக் கணக்கு. உளவியலாளரால் கூலியை உயர்த்த முடியாது. அது சங்கத்தின் வேலை. ஆனால் கூலிப் போராட்டம் ஜெயிக்கும் வரை தொழிலாளி உயிரோடு இருக்க வேண்டுமே!

கதவு அடைபட்டால் ஜனங்கள் எங்கே போவார்கள்? 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகினார்கள். அங்கே அவர்களைக் கொண்டு போய் விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேறு வாசல் தெரியாத பெற்றோரும் உடன்பிறப்பும்.

ஜவ்வாது மலைக்கும் துக்கம் புதிதல்ல. 2015 ஏப்ரல் 7ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலையிலிருந்து பிழைக்கப் போனவர்களும் உண்டு. அவர்களுடைய விதவைகளோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேச மலைக்கு ஒரு நிரந்தர உளவியலாளர் வேண்டாமா? அல்லேரி மலையில் 2023ல் பாம்பு கடித்துச் செத்த குழந்தையை, ரோடு இல்லாமல், தாய் சுமந்து நடந்தாள். ரோடும் வேண்டும், ஆளும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப் போட விட முடியாது. 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய் என்கிறது சர்க்கார். 2022 அக்டோபரில் வந்த ஏற்பாடு. நல்லதுதான், எண்ணைக் குறித்து வையுங்கள், தேவைப்பட்டால் தயங்காமல் பேசுங்கள். ஆனால் சிக்னல் கிடைக்காத மலையூரில் அது யாருக்கு மணியடிக்கும்?

நம்முடைய கோரிக்கை இது. எம்.ஏ., எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், உதவித்தொகையோடு ஒரு வருஷம் மேற்பார்வைப் பயிற்சி கொடு. முடித்தவர்களை ஒரே பதிவேட்டில் பதிந்து, எல்லைக்குட்பட்டுத் தாமே பார்க்க உரிமை கொடு. பதிவு பெற்றவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நியமி. ஒப்பந்தக் கூலியாக வேண்டாம், நிரந்தர ஊழியராக, ஓய்வூதியத்தோடு. முதல் நியமனம் மலைக்கும் மில் வட்டாரங்களுக்கும் ஆகட்டும். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகிறது. இன்னும் மாவட்டத்துக்கு ஒரு சிறு குழு என்ற நிலைமையில் வைத்திருப்பதற்கு எந்தச் சாக்கும் செல்லாது.

மே 1ந் தேதி கிராம சபை கூடும். அமிர்தியிலும் கணியம்பாடியிலும் மலையூர்களிலும் உள்ள விவசாயத் தொழிலாளர் தோழர்கள் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் “இது நம் அதிகாரத்தில் இல்லை” என்பார். இல்லைதான். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள், கலெக்டர் மனுநாளில் கொடுத்து ரசீது பெறுங்கள்.