லாகோஸ் விருந்தின் மஞ்சள் சோறு
நைஜீரியாவில் கல்யாணம் என்றால் சிவப்பு ஜொலோஃப் சோற்றுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் ஃப்ரைட் ரைஸும் இருக்கும். சோயா சாஸ் கிடையாது. தைம் இலையும் கறிப்பொடியும் சேர்த்த கோழிச் சாற்றில், நீள ரகப் புழுங்கலரிசியை முக்கால் பதத்துக்கு வேகவிட்டு, சாறு வற்றியதும் இறக்குங்கள். கேரட், பீன்ஸ், பட்டாணி, வேகவைத்துப் பொடியாக நறுக்கிய மாட்டு ஈரல் இவற்றை எண்ணெயில் லேசாக வதக்கி, சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் புரட்டுங்கள். மொத்தமாகக் கொட்டினால் குழைந்துவிடும்.

காய்களின் ஈரத்தால் சீக்கிரம் கெடும் பண்டம் இது. சூட்டோடு மூடி வைத்துவிடாதீர்கள். சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி கக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். விருந்து வயிற்றோடு முடியட்டும், வைத்தியரிடம் வேண்டாம்.