கரையிலே மூழ்கும் கலங்கள்!

கடலிலே மூழ்கிய கலம்பற்றிக் கேட்டிருக்கிறோம், கண்ணீர் விட்டிருக்கிறோம். புயல் அடித்தது, பேரலை எழும்பிற்று, கலம் கவிழ்ந்தது என்பார்கள் — புரிகிறது. ஆனால், கரையிலே, கயிற்றால் கட்டப்பட்டு, காற்றுமின்றி அலையுமின்றிக் கிடக்கும் விசைப்படகு ஒன்று, ஓரிரவிலே ஓசைப்படாமல் நீருக்குள் உட்கார்ந்துவிடுகிறது என்றால்? யாரை நோவது, தோழர்களே?

கிழக்குக் கரையிலே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையிலே, குளச்சல் பக்கத்திலே, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது பருவமழை கொட்டித் தீர்க்கும் காலம்! மீனினம் பெருகத் தடை வேண்டும். அதிலே நமக்கு மாறுபாடு இல்லை. அந்த 61 நாளும் படகு என்ன செய்கிறது? சிலவற்றைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். மற்றவை நீரிலேயே கிடக்கின்றன, கேட்பாரற்று. படகு உறங்கும், அதன்மீது வாங்கிய கடனுக்கு வட்டி உறங்குமா?

காசிமேட்டிலே ஒரு தோழர், விசைப்படகு டிரைவர், தம்பியோடு சேர்ந்து படகிலே பங்கும் உடையவர், நம்மை அழைத்துச் சென்று காட்டினார்; உப்புநீரிலே ஊறி எடுத்த எஞ்சினை! "அண்ணே, காவல் காக்க வந்ததே எங்க படகைக் கவுத்துடுச்சு" என்றார்.

நடந்தது இது. ஒரு கம்பெனிக்காரர் வந்தார். கேமிரா தருகிறோம், இணையப் பெட்டி தருகிறோம், ஆண்டுக்கு இவ்வளவு கட்டணம், ஊரிலிருந்தபடியே உன் படகை உள்ளங்கையிலே பார்க்கலாம் என்றார். பார்த்தார்கள்; மகிழ்ந்தார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு ஊர் சென்றார்கள். ஏழாம் நாள் கைப்பேசியிலே படம் மறைந்தது. 'நெட்டு இல்லை போலும்' என்று இருந்துவிட்டார்கள். பத்தாம் நாள் திரும்பி வந்தபோது, படகின் மூக்கு மட்டுமே நீருக்கு மேலே!

படகைக் கவிழ்த்தது எது? கணக்குப் போட்டுப் பார்த்தோம். புரொப்பெல்லர் ஷாப்ட் வெளியேறும் இடத்திலே பாக்கிங் சற்றே தளர்ந்திருந்தது; சொட்டுச் சொட்டாக நீர். அதை இறைத்துக் கொட்டத் தானியங்கிப் பம்பு ஒன்று இருந்தது. பம்புக்கு உயிர் 12 வோல்ட் பாட்டரி. அதே பாட்டரியிலேதான் கேமிராவையும் இணையப் பெட்டியையும் மாட்டிவிட்டுப் போனார்கள். இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தன. அரைதானே என்று எண்ணாதீர்! ஒரு நாளைக்கு 24 மணி நேரம். ஆக 12 ஆம்பியர்-மணி. பாட்டரியின் கொள்ளளவோ 100. நான்கே நாளில் பாதி போயிற்று. ஏழாம் நாள் முழுதும் போயிற்று. பாட்டரி செத்தது, பம்பு நின்றது, சொட்டு மட்டும் நிற்கவில்லை. களஞ்சியத்துக்குக் காவல் வந்தவன் களஞ்சியத்தைத் தின்றான்!

ஆகவே, ஆளில்லாப் படகுக்குக் காவற்கருவி என்றால் முதற்கேள்வி, அது எவ்வளவு பார்க்கும் என்பதல்ல. எவ்வளவு தின்னும் என்பது.

குறைவாக உண்டு நெடுநாள் விழித்திருக்கும் காவல், கடலுக்குப் புதிதுமல்ல. சுவீடன் நாட்டிலே, பண்ணைக் குடும்பத்திலே பிறந்த குஸ்தாவ் டாலேன் என்பார், ஆளில்லாத கலங்கரை விளக்கும் மிதவை விளக்கும் தாமே இயங்க வழி கண்டார். வெயில் பட்டால் வாயுக் குழாயை மூடி, இருட்டினால் திறந்துவிடும் கதிரவன் அடைப்பான்! 1907-லே அதனைச் செய்தார். விளக்கையும் விடாது எரியவிடவில்லை. விட்டுவிட்டு மின்னச் செய்தார், வாயு மிச்சப்பட்டது. 1912-லே பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்கு. அதே ஆண்டு, சோதனையின்போது வாயு வெடித்து இரு கண்களும் போயின. பரிசை வாங்கிவரச் சகோதரர் சென்றார். கடலோடிகளுக்கு ஒளி தந்தவர் கண்ணிழந்தார்! அதன் பிறகும் கால் நூற்றாண்டு, 1937-லே மறையும்வரை உழைத்தார்.

விட்டுவிட்டு மின்னு, மிச்ச நேரம் உறங்கு — அந்த முறையேதான் இன்றைக்கும். இ.எஸ்.பி.32 என்றொரு சில்லு, கடைத்தெருவிலே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திலே அது குடிப்பது ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்களவு! கால் மணிக்கு ஒருமுறை விழித்து, இரண்டு மூன்று விநாடியிலே சேதி சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிடும். நல்ல முறையிலே அமைத்தால் நாளொன்றுக்கு ஆம்பியர்-மணியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. 61 நாளும் சேர்த்து 3 ஆம்பியர்-மணி. அந்தக் கேமிரா ஆறே மணி நேரத்திலே விழுங்கியது இது! பாட்டரி சும்மா கிடந்தாலே மாதத்துக்கு இதைவிட அதிகம் தானாக இழக்கும்.

'நல்ல முறையிலே' என்றோமே, அதிலே ஒரு சூட்சுமம். வாங்கும் பலகையிலே அழகுக்கு ஒரு சிவப்பு விளக்கு கண்சிமிட்டாமல் எரியும். மட்டமான மின் மாற்றி ஒன்றும் இருக்கும். சில்லு உறங்கினாலும் இவை உறங்கமாட்டா. விளக்கைப் பிடுங்கு, சும்மா இருக்கையிலே மின்சாரம் குடிக்காத மாற்றியைப் போடு. பாட்டரியை ஒட்டியே பியூசு வை. பெட்டியை அடித்தளத்திலே வைக்காதே. உப்புக்காற்று புகாமல் மூடி, மேலே டிரைவர் அறையிலே வை.

அது எதைப் பார்க்கவேண்டும்? பாட்டரியின் வோல்ட்டைப் பார்க்கவேண்டும்: ஓய்விலே 12.7 நின்றால் நிறைந்த வயிறு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஓடு கரைக்கு! நீர் உயர்ந்தால் தூக்கும் மிதவை சுவிட்சு ஒன்று. அது உறக்கத்தைக் கலைத்து உடனே கூவச் செய்யும். சூட்டை அளக்கும் சில்லு ஒன்று — 2023 நவம்பரிலே விசாகப்பட்டினத்து மீன்பிடித் துறைமுகத்திலே, நள்ளிரவிலே, கட்டிக்கிடந்த படகுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றி எரிந்ததை மறந்துவிடவில்லையே! இவை எல்லாவற்றையும்விட நாம் பெரிதாகக் கருதுவது, பம்பு நாளொன்றுக்கு எத்தனை முறை ஓடிற்று என்ற எண்ணிக்கை. நேற்று இரண்டு முறை, இன்று ஐந்து, நாளை பத்து என்றால், பாக்கிங் விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீர் ஏறுமுன்பே நோய் தெரிந்துவிடுகிறது! கேமிரா நாள் முழுதும் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததே, அடிவயிற்றிலே நடந்தது அதற்குத் தெரிந்ததா?

சேதியை எப்படி அனுப்புவது? படகுக்கு ஒரு சிம், மாதத்துக்கு ஒரு கட்டணம் என்பார்கள் வணிகர்கள். வேண்டாம் என்கிறோம் நாம். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையிலே, குறைந்த திறன் கருவிகளுக்குத் தனி லைசென்சு தேவையில்லை என்பது இந்நாட்டு விதி. அதிலே லோரா என்னும் முறை, துளி மின்சாரத்திலே துறைமுகம் முழுதும் கேட்கும். மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் மேலே ஒரே ஓர் ஏற்பி; அதற்கு மட்டும் இணையம்; கட்டணம் அத்தனை படகுக்கும் பொது. தனித்தனியே கட்டினால் கம்பெனிக்கு இலாபம், கூடிக் கட்டினால் கரைக்கே காது! படகிலே வைக்கும் பொருள் எல்லாம் சேர்ந்தாலும் புதுப் பாட்டரியின் விலையில் பாதியை எட்டாது.

இங்கே ஒரு தோழர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்: "இது வந்தால் காவலாள் வேலை போய்விடாதா?" போகக்கூடாது. இந்தக் கருவி கயிற்றை இறுக்குமா? தீயை அணைக்குமா? தளர்ந்த பாக்கிங்கை முடுக்குமா? கத்தும், அவ்வளவுதான். கத்தலைக் கேட்டு ஓடிவரக் கையும் காலும் உள்ள ஆள் வேண்டும். வரிசையாகக் கட்டிய படகுகளின் அடிவயிற்றை இருட்டிலே ஒரு கிழவர் எப்படிப் பார்த்துவர முடியும்? ஆனாலும் படகு மூழ்கினால் பழி அவர் தலையிலே! சேதி முதலில் அவர் கைப்பேசிக்குப் போகட்டும். முதலாளிக்குப் பிறகு போகட்டும். கருவியைக் காட்டி ஆளைக் குறைப்பதில்லை என்று சங்கம் தீர்மானம் எழுதிவிட்டுப் பெட்டியைத் திறக்கட்டும். இல்லையேல் திறக்கவேண்டாம்.

கடலுக்குச் செல்லும் ஒரு லட்சம் படகுகளுக்கு, இஸ்ரோ வழிகண்ட செயற்கைக்கோள் கருவி பொருத்தும் திட்டம் 2024-லே தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். கடலிலே தவிக்கும்போது குரல் தருவது அது. கட்டிக்கிடக்கும்போது? நாகப்பட்டினத்திலே 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கரையோர மாவட்டங்களிலே தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் இதைக் கற்றுத் தரட்டும். பிள்ளைகள் செய்யும் கருவியைச் சங்கம் வாங்கட்டும். அரசு மானியம் தரட்டும். சூட்டுக்கோல் பிடித்து ஈயம் உருக்கத் தெரிந்த பையன் ஒரு வாரத்திலே செய்யும் வேலை இது; மேதைகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

காசிமேட்டுத் தோழர் எஞ்சினைக் கழற்றி எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய தம்பி இப்போது கருவியொன்று செய்து முடித்திருக்கிறான். அவனிடம் நாம் சொல்லி வந்தது ஒன்றே: காலையிலும் மாலையிலும் 'நலம்' என்று ஒரு சேதி கட்டாயம் வரவேண்டும், ஒரு வேளை வராவிட்டாலே சங்கத்து ஏற்பி கூக்குரலிடவேண்டும். 'நெட்டு இல்லை போலும்' என்ற பேச்சுக்கே இடம் இருக்கக்கூடாது. ஏப்ரல் 15-க்கு முன் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், கருவிக்குப் போகும் பாட்டரிக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, தம்பி, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள். உன்னை எழுப்ப யாராவது வருகிறார்களா, பார்.