காரியம் முடிந்ததா?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்” என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

ஏன் அப்படிச் சொன்னார்கள்?

இரண்டும் அன்றாடம் செய்கிற வேலை அல்ல. எப்போதோ ஒரு முறை செய்கிற காரியம். அதற்கு ஒரு கெடு உண்டு. கையில் உள்ள பணத்துக்கு ஓர் அளவு உண்டு. பத்துப் பேரிடம் வேலை வாங்கவேண்டும். அதில் ஒருவர் வராவிட்டாலும் காரியம் கெட்டுவிடும்.

இந்தச் சாமர்த்தியத்தை இன்று கல்லூரியில் ஒரு பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். பட்டம் பெற்றவர்கள் மேற்கொண்டு படிக்கும் எம்.பி.ஏ. படிப்பில் அது இருக்கிறது. அதன் பெயர் “புராஜெக்ட் மானேஜ்மெண்ட்”. தமிழில் “திட்ட மேலாண்மை” என்பார்கள்.

ஆற்காட்டில் இருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, திமிரி. அந்த ஊரில், நெல் விற்ற பணத்தைக் கட்டி மகளை எம்.பி.ஏ. படிக்க வைக்கும் தகப்பனார் ஒருவர் இருந்தால், அவருக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு.

“இந்தப் பாடத்தைப் படித்து முடித்தால், என் மகளுக்கு என்ன தெரிந்திருக்கும்?”

நியாயமான கேள்விதான்.

நான்கு பாடங்கள்

பொதுவாக, நான்கு காரியங்கள் தெரிந்திருக்கும் என்று கல்லூரியில் பதில் சொல்வார்கள்.

முதலாவது, பெரிய வேலையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிப்பது. இரண்டாவது, எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று வரிசைப்படுத்துவது. மூன்றாவது, செலவைக் கணக்கிட்டு, அதற்குள் அடங்குவது. நான்காவது, என்ன இடைஞ்சல் வரும் என்று முன்கூட்டியே யோசிப்பது.

இதில் இரண்டாவது பாடத்தை ஆம்பூர்க்காரர்களுக்குச் சுலபமாக விளக்கலாம். வெளிநாட்டுக்கு “ஷூ” அனுப்பவேண்டும். தோலை வெட்டி, மேல் பாகத்தைத் தைத்த பிறகுதான் அடிப்பாகத்தை ஒட்ட முடியும். அட்டைப்பெட்டி செய்கிற வேலை தனியாக நடக்கலாம். பெட்டி இரண்டு நாள் தாமதம் ஆனால் சமாளிக்கலாம். தோல் இரண்டு நாள் தாமதம் ஆனால், கப்பல் போய்விடும்!

எந்த வேலை தாமதித்தால் எல்லா வேலையும் தாமதிக்குமோ, அதைக் கண்டுபிடித்து, அதன்மேல் கண் வைக்கவேண்டும். இதற்கான கணக்கு முறைகளை 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் வகுத்தார்கள். டூபாண்ட் ரசாயனக் கம்பெனி ஒரு முறையை வகுத்தது. அமெரிக்கக் கடற்படை இன்னொரு முறையை வகுத்தது. இன்றும் மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள்.

46 நாளில் பாலம்

இந்தத் திறமை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

1964-ம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் ரெயில் பாலத்தையும் குலைத்துவிட்டது. பாலத்தைச் சரிசெய்ய 6 மாதம் ஆகும் என்று ரெயில்வே கணக்கிட்டது. பிறகு அது 3 மாதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வேலை ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரிடம் வந்தது. கடலுக்குள் கிடந்த இரும்பு உத்தரங்களைத் தூக்கி எடுத்து, மீண்டும் பொருத்தினார்கள். 46 நாளில் பாலம் தயார்! பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ரெயிலை அமைத்தவரும் இவரே.

ஆனால் 46 நாள் என்பது மட்டும் அந்த வேலையின் பெருமை அல்ல. அந்தப் பாலத்தில் 2022-ம் ஆண்டு வரை ரெயில் ஓடியது. அதுதான் பெருமை.

விட்டுப்போன ஐந்தாவது பாடம்

திமிரிக்கு வடக்கே ஆற்காடு. பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை. மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. எங்கும் தோல் தொழில். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது.

இந்தத் தோல் பதனிடும் ஆலைகளைக் கட்டியவர்களுக்குத் திறமை இல்லையா? இருந்தது. ஆலை எழுந்தது. சரக்கு கப்பல் ஏறியது. பணம் வந்தது. காகிதத்தில் எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். உப்பும் குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அந்தக் கணக்கு மட்டும் காகிதத்தில் இல்லை. தண்ணீர் வயலுக்குப் போயிற்று, கிணற்றுக்குப் போயிற்று, பாலாற்றுக்கும் போயிற்று. 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் பாதியாகவோ, முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

“பிள்ளைகள் உத்தியோகத்துக்காகப் படிக்கிறார்கள். ஊர்க்கவலை அவர்களுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம்.

ஊரை மறந்தால் முதலாளிக்கும் நஷ்டம்தான். அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு ஆலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத ஆலைகளை மூடவேண்டும் என்றது. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்றும் சொன்னது. முதல் நாளே ஒதுக்கவேண்டிய பணத்தைப் பின்னால் பன்மடங்காகச் செலவழிக்க நேர்ந்தது.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அதோடு கவலை தீர்ந்ததா? தண்ணீரைச் சுத்தம் செய்தால் கசடு மிஞ்சும். அதை எங்கே வைப்பது? 2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, ராணிப்பேட்டையில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்கள்.

கெடு, செலவு, வேலை வரிசை எல்லாம் தெரிந்தவர்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். “சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவன் யார்?” என்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

எனவே, இதைத்தான் அந்தப் படிப்பின் முதல் குறிக்கோளாக வைக்கவேண்டும். எந்தத் திட்டத்தைத் தீட்டினாலும், அதில் சம்பளமோ லாபமோ பெறாமல் பாதிப்பை மட்டும் அடையப்போகிறவர் யார் என்று மாணவருக்குச் சொல்லத் தெரியவேண்டும். அவரிடம் நேரில் போய்ப் பேசத் தெரியவேண்டும். அவருக்கு வரக்கூடிய நஷ்டத்தையும் செலவுக் கணக்கில் எழுதத் தெரியவேண்டும். “இந்தக் கெடுவுக்குள் இதை ஒழுங்காகச் செய்ய முடியாது” என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லும் தைரியமும் வேண்டும்.

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இதற்குத் தனிப் புத்தகம் தேவை இல்லை. மாணவர்களை ஒரு நாள் பாலாற்றங்கரைக்கு அழைத்துப் போகட்டும். கிணற்று நீரைக் குடிக்க முடியாத ஒரு விவசாயி பாடம் சொல்லுவார்.

தாலி கட்டியதோடு கல்யாணம் முடிந்துவிடுகிறதா? இல்லை. போன இடத்தில் பெண் நன்றாக வாழவேண்டும். அப்போதுதான் பெற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

திட்டம் போடுகிறவர்களும் அப்படித்தான் இருக்கவேண்டும்.