ஜித்தா எவ்வளவு தூரம்?



எங்கள் தெருவில் ஒரு தாயின் மகன் ஜித்தாவில் தொழில் செய்கிறார். லீவில் வருமுன் தொலைபேசியில், "உம்மா, வியாழன் இரவு எட்டு மணிக்கு விமானம் புறப்படும். ஐந்தரை மணித்தியாலப் பயணம்" என்று சொன்னார். வீட்டார் விரலை மடித்து எண்ணினார்கள். இரவு ஒன்றரைக்கு மகன் வந்துவிடுவார்! வாடகை வேன் பிடித்துக் கட்டுநாயக்காவுக்குப் போனார்கள். ஒன்றரை ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. விமானத்துக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று தாய் அழத் தொடங்கிவிட்டார். விமானமோ குறித்த நேரத்துக்கே, அதிகாலை நான்கு மணிக்கு வந்திறங்கியது.

பிழை எங்கே? மகன் சொன்ன எட்டு மணி ஜித்தாவின் எட்டு மணி. அப்போது நம் வீட்டு மணிக்கூட்டில் இரவு பத்தரை. நமது நேரம் சவூதி நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. 1996 இல் இங்கே மணிக்கூட்டை முன்னே நகர்த்தி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்த இடைக்காலத்துக் கணக்கை இன்னும் மனதில் வைத்திருப்போர் அதை மறந்துவிட வேண்டும்.

கொழும்பிலிருந்து ஜித்தா நேர்கோட்டில் ஏறக்குறைய 4,650 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறந்தால் ஐந்தேகால் மணித்தியாலம் போதும். ஆனால் மேலெழவும் தாழ இறங்கவும், வளைந்து செல்லவும் நேரம் பிடிக்கும். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் தாமதம். ஆகவே போகும்போது ஆறு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் காற்று பின்னிருந்து தள்ளினால் வரும் பயணம் குறுகும்.

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். பிற்பகல் மூன்று மணிக்கு இங்கே ஏறியவர் மாலை ஆறரைக்கு அங்கே இறங்குவார். மூன்றரை மணித்தியாலம்தான் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்! வரும்போது தேதியே மாறிவிடலாம். எனவே வரவேற்கப் போவோர் சீட்டிலுள்ள "சேரும்" தேதியையும் நேரத்தையும் மட்டும் பாருங்கள். பெட்டிகளை எடுத்து வெளியே வர மேலும் ஒரு மணித்தியாலம் ஆகலாம்.

உம்ராவுக்குச் செல்லும் சகோதரிகளுக்கு இரண்டொரு வார்த்தை. மீக்காத் எல்லையை விமானம் வானிலேயே கடந்துவிடும். ஆகவே ஆண்களின் இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டாம். பெண்களுக்குத் தனி உடை இல்லை என்றாலும் நிய்யத்தை மறந்து தூங்கிவிடக் கூடாது. நோன்புடன் பகலில் மேற்கே பறப்பவருக்குச் சூரியன் மறைவது தள்ளிப்போகும். பகல் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக நீளலாம். பயணிக்குரிய சலுகையை நினைவில் வையுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்சுலினைக் கைப்பையில் வைத்திருங்கள். நேர மாற்றத்தில் எப்போது ஏற்றுவது என்பதைப் புறப்படுமுன் டொக்டரிடம் கேட்டு, எழுதி வாங்குங்கள். இடைக்கிடை எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

ஒரு சின்ன யோசனை. பிள்ளையோ கணவரோ அங்கே இருந்தால், சுவர் மணிக்கூட்டின் கீழ் "இரண்டரை கழி" என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு நீங்கள் அழைத்தால், அங்கே இரவு இரண்டரை. களைத்துத் தூங்கும் மனிதர் பதறி எழும்புவார். காத்திருக்கும் மனதுக்குக் கணக்கும் ஓர் ஆறுதல்தான்.