காயம் மாறினாலும் காயும் கண்



தொழிற்சாலைகளில் வேலை செய்கிற எங்கள் ஆட்களில் கண்ணில் துகள் படாதவர் குறைவு. இரும்பு அரைக்கிற இடம், மரம் அறுக்கிற இடம், கழுவுகிற மருந்து ஊற்றுகிற இடம், எங்கேயும் இது நடக்கும். காயம் சில நாளில் மாறிவிடும். ஆனால் சிலருக்கு மாதக்கணக்காகக் கண்ணுக்குள் மணல் கிடப்பது போல அறுக்கும், எரியும், காற்றுப் பட்டால் தண்ணீர் ஓடும். வெளியே பார்த்தால் கண்ணில் ஒன்றும் இராது. "சும்மா சாட்டுச் சொல்லுறான்" என்று கூட வேலை செய்பவர்களே கதைப்பார்கள்.

இது சாட்டு அல்ல. எனக்கும் 2023 இல் பாதுகாப்புக் கண்ணாடியின் பக்க இடைவெளியால் ஒரு இரும்புத்துகள் போனது. அன்றே எடுத்துவிட்டார்கள். எரிவு இன்னும் முழுதாகப் போகவில்லை. கண் வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தியதை இங்கே எழுதுகிறேன்.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அடியில் பசை, நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய் என்று கண்ணின் மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. எண்ணெய் இமை ஓரத்துச் சுரப்பிகளில் இருந்து வந்து, தண்ணீர் காய்ந்து போகாமல் காக்கிறது. நாங்கள் இமைக்கும்போது இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. எவ்வளவு சுரக்க வேண்டும், எப்போது இமைக்க வேண்டும் என்று செய்தி அனுப்புவது, கருவிழியின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் தோலில் உள்ள நரம்புகள். உடம்பில் நரம்பு மிக நெருக்கமாக உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. கீறல் பட்டால் அந்த நரம்புகளும் அறுகின்றன. மேல்தோல் சில நாளில் மூடிவிடும். நரம்பு வளர மாதங்கள் செல்லும், சிலருக்கு அதிலும் கூட. அதுவரை கண்ணீர் சரியாகச் சுரக்காது.

தண்ணீர் ஓடுகிற கண் எப்படி வறண்ட கண் ஆகும் என்று கேட்பீர்கள். படலம் உடைந்து கண் உறுத்தும்போது சுரப்பி அவசரமாகத் தண்ணீரை ஊற்றுகிறது. அது கண்ணில் நில்லாமல் கன்னத்தில் வடிந்துவிடுகிறது.

காலையில் கண் திறக்கும்போது குத்துகிற மாதிரி வலி வந்தால் அதை வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். கீறிய இடத்துப் புதுத்தோல் நன்றாக ஒட்டாமல், இமை திறக்கும்போது உரிகிறதாக இருக்கலாம். இது காயம் மாறி மாதங்கள் கழித்தும் வரும். இதற்கு வைத்தியம் வேறு.

சாதாரண வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர்த் துளி உதவும். ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் விடுபவர்கள், கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து இல்லாத துளியை வாங்குவது நல்லது. ஜேர்மனியில் மருந்துக்கடையில் "ஓன கொன்சர்வீருங்ஸ்மிற்றல்" என்று கேளுங்கள். இமைக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் பிடித்தால் எண்ணெய் இளகும். காரில் சூட்டுக்காற்று முகத்தில் படாமல் திருப்பி விடுங்கள். மெசினையோ ரெலிபோனையோ உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறையும், ஆகவே நினைத்து நினைத்து இமையுங்கள்.

சிவப்பை எடுக்கும் துளி, விறைப்பு மருந்து, இன்னொருவருக்குக் கொடுத்த ஸ்டீரொய்ட் துளி இவற்றைத் தொடவேண்டாம். ஊரில் அம்மம்மா விட்ட தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் காயப்பட்ட கண்ணுக்கு வேண்டாம், கிருமி போய்விடும். மருந்துத் தண்ணீர் தெறித்தால் யாரையும் காத்திராமல் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பீளை தள்ளினாலோ அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

முக்கியமான விசயம் பதிவு. வறட்சி பிறகு தெரியவருவதால், வேலையில் வந்த காயம் என்று அப்போது நிரூபிப்பது கஷ்டம். ஜேர்மனியில் சிறு காயத்தையும் வேலைத்தலத்தின் முதலுதவிப் பதிவில் எழுதுவிக்க வேண்டும். அதை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 3 நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால், முதலாளி விபத்துக் காப்புறுதிக்கு அறிவிக்க வேண்டும். கண் வைத்தியரிடமும் "ஆர்பைற்ஸ்உன்ஃபால்" என்று முதல் நாளே சொல்லுங்கள். இந்தக் காப்புறுதிக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டுவதில்லை, முழுக்க முதலாளியே கட்டுகிறார். மினிஜொப் செய்பவருக்கும் இது உண்டு.

எங்கள் ஆட்கள் பலர், வேலை போய்விடும், விசாவில் கை வைப்பார்கள் என்று பயந்து வாய் திறப்பதில்லை. காயத்தைப் பதிவது யார்மேலும் குற்றம் சாட்டுவது அல்ல. நாளைக்குக் கண் தெரியாமல் போனால், பதியாத காயத்துக்கு ஒருவரும் பதில் சொல்ல வரமாட்டார்கள்.

அடுத்த இதழில் நாரி நோவு பற்றிக் கதைப்போம்.